ஜெட்டுக்குள் ஒரு கம்பி

போன சாரல் நேரத்தில் குற்றாலத்தில் ஐந்தருவிப் பக்கம் ஒரு விடுதியிலிருந்து ஆட்கள் வந்து என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தங்க வருகிறவர்கள் சேற்றில் ஓட்டி விளையாடுவதற்காக நாலு சக்கர மோட்டார் சைக்கிள் இரண்டு வாங்கிப் போட்டிருக்கிறார்கள். ஏ.டி.வி. என்று பெயராம். அதில் ஒன்றுக்கு, வண்டியோடு வந்த சைலன்சரைக் கழற்றிவிட்டு வெளியில் வாங்கிய ஒரு தடிக்குழாயை மாட்டியிருந்தார்கள். ஸ்டார்ட் செய்தால் இலஞ்சி வரைக்கும் கேட்கும். ஆக்சிலேட்டரை விட்டால் டப் டப் என்று வெடித்தது. முழுக்கத் திருகினால் இழுக்காமல் திணறியது. "ஜெட்டை மாத்துனீங்களா?" என்று கேட்டேன். விடுதி மேலாளர் படித்தவர்தான். "ஜெட்டா? அது பிளேன்ல தானே சார் இருக்கும்?" என்றார்.

எனக்கு ரத்தக் கொதிப்பு வந்ததற்கு உப்புதான் காரணம் என்று டாக்டர் சொல்கிறார். உப்பில்லை, சைலன்சர். ஐம்பது வருஷமாக இதே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் ஒரு கணக்கில் கலந்து போக வேண்டும். புகை போகிற குழாயை மாற்றித் தாராளமாக்கினால் உள்ளே வரும் காற்றும் கூடும். பெட்ரோல் மட்டும் பழைய அளவிலேயே வரும். ஏனென்றால் அதை அளந்து விடுவது கார்புரேட்டருக்குள் இருக்கிற ஜெட். கொண்டைக்கடலை அளவு பித்தளைத் திருகு, நடுவில் ஊசித் துளை, தலையில் ஒரு எண். எண் கூடினால் துளை பெரிது. ஆகவே சைலன்சரை மாற்றினால் ஜெட்டையும் மாற்ற வேண்டும். இதில் விளங்காமல் போவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அந்த மேலாளர், உங்கள் அனுபவத்தை எழுதுங்களேன் சார் என்றார். எழுதுகிறேன். இதில் என் பெருமை ஒன்றும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பழகியது எழுபதுகளின் தொடக்கத்தில், தென்காசியில் ஞானமுத்து அண்ணாச்சியின் பட்டறையில். மூன்று வருஷம் மண்ணெண்ணெயில் சாமான் கழுவினேன். அப்புறம் இரண்டு வருஷம் செயினும் பிரேக்கும். அதற்குப் பிறகுதான் இன்ஜினைத் தொட விட்டார். அந்த ஐந்து வருஷத்தில் சொல்லும்படியாக ஒன்றும் நடக்கவில்லை.

அண்ணாச்சி பட்டாளத்தில் மோட்டார் சைக்கிள் பார்த்துவிட்டு வந்தவர். கோபம் வந்தால் அவருக்குக் குரல் ஏறாது, மரியாதை ஏறும். "ஏலே மாடசாமி" என்று கூப்பிட்டால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். "மாடசாமி, கொஞ்சம் இங்கன வாங்க" என்றால் நான் எதையோ கெடுத்துவிட்டேன் என்று அர்த்தம். ஒரு தரம் பிரேக் நட்டை முறுக்காமல் வண்டியை விட்டுவிட்டேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு, "நீங்க சாப்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் காலத்தில் தென்காசியில் வண்டி வைத்திருந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: லிட்டருக்கு எத்தனை குடுக்கும்? வக்கீல் கேட்பார், வாத்தியார் கேட்பார், நெல் வியாபாரி கேட்பார். பிரேக் பிடிக்கிறதா, டயரில் பட்டன் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்க மாட்டார். இவர்களுக்காகவே எங்கள் ஊர்ப் பட்டறைகளில் ஒரு வைத்தியம் இருந்தது. அதற்குப் பெயர் கம்பி போடுவது. பிளாஸ்டிக் ஒயரை உரித்து, உள்ளே இருக்கும் செம்பு இழைகளில் ஒன்றை மட்டும் எடுப்போம். தலைமுடி கனம்தான் இருக்கும். அதை ஜெட்டின் துளைக்குள் விட்டு இரண்டு பக்கமும் மடக்கிவிட்டால் துளை சுருங்கும், பெட்ரோல் குறையும். ஊருக்குள் மெதுவாக ஓட்டுகிறவரைக்கும் வண்டி தாங்கும். வண்டிக்காரர் சந்தோஷமாகப் போவார்.

அண்ணாச்சிக்கு இது பிடிக்காது. ஆனால் முடியாது என்றால் எதிர்த்த பட்டறைக்குப் போய்விடுவார்கள். அதனால் ஒரு முறை வைத்திருந்தார். வண்டிக்காரர் வாய்விட்டுக் கேட்டால் மட்டும்தான் கம்பி. கம்பி போட்ட வண்டிக்குக் அடையாளத்துக்குக் கார்புரேட்டர் கழுத்தில் சிவப்பு நூல் கட்ட வேண்டும். "மலையேத்தாதீங்க, முழுசா முறுக்காதீங்க" என்று எடுத்துச் சொல்லியும் அனுப்ப வேண்டும். டூ ஸ்ட்ரோக் வண்டியில் இன்ஜினுக்கு வேண்டிய ஆயிலே பெட்ரோலோடுதான் கலந்து போகிறது. பெட்ரோலைக் குறைத்தால் ஆயிலும் குறையும். முழு வேகத்தில் போனால் பிஸ்டன் காய்ந்து சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும், பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். நான் அந்த வருஷங்களில் எத்தனை கம்பி போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கடைசியில் மனசு எங்கேயோ இருக்க, கை தன்பாட்டுக்குப் போடும்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு சீசன். குற்றாலம் போகிற வழியில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். அதில் ஒரு மரணக் கிணறு. பலகையால் கட்டிய பெரிய வட்டக் கிணறு. ஜனங்கள் படியேறி விளிம்பில் நின்று குனிந்து பார்ப்பார்கள். கீழே இருந்து ஆள் மோட்டார் சைக்கிளில் சுற்றிச் சுற்றிச் சுவரில் ஏறி, விளிம்புக் கயிறு வரைக்கும் வந்து இறங்கும். நடத்தியவர் மதுரைப் பக்கத்துக்காரர், தங்கவேல் என்று பெயர். ஓட்டியது ஒரு பெண். தட்டியில் 'மிஸ் ராணி' என்று எழுதியிருந்தது. சொந்தப் பெயர் சண்முகத்தாய், ஊர் கடையம் பக்கம்.

பக்கத்து ராட்டினத்தில் ஒலிபெருக்கி வைத்துப் பாட்டுப் போட்டார்கள். தங்கவேலுக்குத் தன் வண்டிச் சத்தம் அதில் அமுங்குகிறது என்று கவலை. மதுரையிலிருந்து ஒரு திறந்த குழாயை வரவழைத்துச் சைலன்சருக்குப் பதிலாக மாட்டிவிட்டார். ஜெட்டை மாற்றவில்லை. மாற்றியிருந்தால் நான் ஏன் இதை எழுதப்போகிறேன்?

ஒரு நாள் காலை சண்முகத்தாய் வண்டியை ஓட்டிக்கொண்டு சாரலில் தென்காசி வரைக்கும் வந்துவிட்டார். பேன்ட்டும் ஆம்பிளைச் சட்டையும் போட்ட பெண்ணை அப்போது எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. எதிர்த்த டீக்கடை மொத்தமும் எழுந்து நின்றது. அண்ணாச்சி மட்டும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு, "வண்டி என்ன செய்யுது, தாயி?" என்று கேட்டார்.

"கீழ சுத்தும்போது ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. கயிறு வரைக்கும் ஏறி முழுசா முறுக்குனா கைய விட்டுருது. இழுவையே இருக்க மாட்டேங்கு. புதுக்குழாய் மாட்டுனதுலேருந்துதான்."

"ஒங்க மொதலாளி என்ன சொல்லுதாரு?"

"எனக்குப் பயம் வந்துட்டுன்னு சொல்லுதாரு. அவரு மச்சினனுக்கு இந்த வண்டி மேல ஒரு கண்ணு. நான் பயந்துட்டேன்னு ஊரு நம்பிட்டா, நாளைக்கே அவன ஏத்திருவாரு. அப்புறம் எந்தக் கம்பெனிலயும் என்னைச் சேத்துக்கிட மாட்டாங்க."

அண்ணாச்சி பிளக்கைக் கழற்றினார். முனை சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பெட்ரோல் போதவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. மாத்திரை டப்பா ஒன்றில் பட்டாளத்துக் காலத்திலிருந்து சேர்த்த ஜெட்டுகளை எண் வாரியாகக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தார். அப்போது புது ஜெட் வேண்டுமென்றால் மதுரைக்கு ஆள் போக வேண்டும். அந்த டப்பாவை அவர் வீட்டுக்குக்கூடக் கொண்டுபோனதில்லை.

அன்று அவர் வேலை பார்த்த விதத்தை நான் அப்படியே சொல்ல வேண்டும். கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் மிதவைக் கிண்ணத்தைக் கழற்றி, உள்ளே இருந்த ஜெட்டை எடுத்து, ஒரு எண் கூட்டி வேறொன்றைப் போட்டார். இலஞ்சிச் சாலையில் ஆளில்லாத நேரான இடமாகப் பார்த்து மூன்றாவது கியரில் முழுசாக முறுக்கினார். சத்தம் சீரானதும், ஒரே நேரத்தில் சாவியை அணைத்துக் கிளட்சையும் பிடித்து, வண்டியை உருளவிட்டு நிறுத்தினார். அந்தச் சூட்டோடு துணியால் பிடித்துப் பிளக்கைக் கழற்றினார். சும்மா ஓடவிட்டுப் பிளக்கைப் பார்த்தால் அது மெதுவான ஓட்டத்தின் நிறத்தைக் காட்டிவிடும், அதனால்தான் பாய்ச்சலிலேயே அணைக்க வேண்டும். இன்னும் வெளுப்புதான். இன்னொரு எண் கூட்டினார். தேங்காய்ச் சிரட்டை நிறம் வந்தது. நான் சரியாகிவிட்டது என்று ஸ்பேனரை எடுத்து வைத்தேன். அவர் மறுபடியும் ஒரு எண் கூட்டினார். வண்டி கொடகொடவென்று புகைந்தது, பிளக் கறுத்தது.

"தாண்டிப் போயிப் பாத்துட்டுத்தாம்லே திரும்பணும். இல்லன்னா சரியான எடம் எதுன்னு எப்பிடித் தெரியும்?" என்றார்.

அப்புறம் சிரட்டை நிறம் காட்டிய ஜெட்டுக்கே திரும்பினார். அதோடும் விடவில்லை. சாயங்காலம் அந்த டப்பாவோடு கிணற்றுக்கே போய், சண்முகத்தாயை ஏறி இறங்கச் சொல்லி, இறங்கியதும் பிளக்கைப் பார்த்தார். மேலே ஏறியபோது வண்டி ஒரு தடவைகூடத் திணறவில்லை. ஆனாலும் பிளக் ஒரு பொட்டு வெளுப்பாக இருக்கிறது என்று, புகைந்த ஜெட்டையே போட்டுவிட்டார். தங்கவேல் வந்து, "என்ன அண்ணே, இப்படிப் புகையுது? பெட்ரோலைக் குடிச்சுப்புடுமே" என்றார்.

"கொஞ்சம் புகையட்டும். கெணத்துக்குள்ள பெட்ரோல மிச்சம் பிடிக்க வேண்டாம்" என்றார் அண்ணாச்சி.

சண்முகத்தாயை அதன்பிறகு யாரும் பயந்தவர் என்று சொல்லவில்லை. அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணாச்சி கோயிலுக்குப் போய்விட்டு, அங்கிருந்து ஒரு கல்யாணத்துக்கும் போயிருந்தார். பட்டறையில் நான் தனியாள். சீசனுக்கு வந்த வெளியூர் வண்டி, உள்ளூர் வண்டி எல்லாம் வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொருவரும் தனக்குத்தான் அவசரம் என்கிறார். அதில் மூன்று பேர் எத்தனை குடுக்கும் என்று கேட்டுக் கம்பி போடச் சொன்னார்கள். போட்டேன், நூலும் கட்டினேன். அந்த நேரத்தில் சண்முகத்தாய் வந்தார். சாரல் தண்ணீர் கார்புரேட்டருக்குள் போய்விட்டது, சுத்தம் செய்து தர வேண்டும் என்றார்.

கழற்றினேன், தண்ணீரை வடித்தேன், பெட்ரோலில் அலசினேன், ஊதினேன். அவர் டீ குடித்துக்கொண்டே, சுவரில் சுற்றும்போது கீழே பார்க்கக் கூடாது, எதிர்ச் சுவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தலை சுற்றாதா என்று கேட்டேன். "முத வாரம் சுத்தும். அப்புறம் தரையில நடந்தாத்தான் ஒரு மாதிரியா இருக்கும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் என் கை, பாழாய்ப்போன என் கை, ஒயரிலிருந்து ஒரு இழையை உருவி ஜெட்டுக்குள் விட்டு மடக்கியிருக்கிறது. அவர் கேட்கவில்லை. நானும் நினைக்கவில்லை. நினைக்காததால் நூலும் கட்டவில்லை. மழை வலுத்ததால் சாலையில் ஓட்டியும் பார்க்கவில்லை. நின்ற இடத்தில் ஸ்டார்ட் செய்தேன், நன்றாகத்தான் ஓடியது.

"சாயங்காலம் வந்து பாருங்கண்ணே, பாஸ் தாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போனேன். ஐந்து மணிக் காட்சி. விளிம்பில் நல்ல கூட்டம். சண்முகத்தாய் இரண்டு சுற்றில் சரிவைத் தாண்டிச் சுவரில் ஏறிவிட்டார். பலகைகள் அதிர்ந்தன. கயிற்றுக்கு வந்து ஒரு கையைத் தூக்கிக் காட்டினார், ஜனங்கள் கை தட்டினார்கள். நாலாவது சுற்றில் வண்டிச் சத்தம் மெலிந்தது. கூர்மையாகி, கிரீச்சென்று ஒரு ஒலி வந்து, நின்றுபோனது. பிஸ்டன் ஒட்டிக்கொண்டது என்று என் காதுக்கு உடனே தெரிந்தது. சண்முகத்தாய் கிளட்சைப் பிடித்துவிட்டார். பிடித்திராவிட்டால் தலைகுப்புற விழுந்திருப்பார். சுவரோடு சரிந்து கீழே வந்தார், வண்டி அவர் இடது கால்மேல் விழுந்தது.

அவரைத் தூக்கிக்கொண்டு போன கொஞ்ச நேரத்தில் தங்கவேல் மைக்கைப் பிடித்தார். "பயப்படாதீங்க, பொம்பளைப் பிள்ளை, உயரத்துல தலை சுத்திருச்சு, அவ்வளவுதான். அடுத்த காட்சிக்கு நம்ம மச்சினரே ஓட்டுவார்" என்றார். எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. அந்த ஆத்திரத்தோடு பஸ் ஏறினேன். மேலகரம் தாண்டும்போது, காலையில் ஒயரிலிருந்து நாலு இழை உருவியது ஞாபகம் வந்தது. கட்டிய நூல் மூன்று.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து சண்முகத்தாய் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்குத் தலை சுற்றவில்லை, வண்டிதான் நின்றது, அண்ணாச்சி வந்து எல்லார் முன்னாலும் திறந்து பார்க்கட்டும் என்று. அண்ணாச்சி என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வழியில் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன், திறந்த வாயில் ஒரு வெற்றிலையைப் போட்டுக்கொண்டேன்.

கிணற்றுக்குள் தங்கவேலும் அவர் மச்சினனும் நின்றார்கள். அண்ணாச்சி சிலிண்டரைக் கழற்றினார். பிஸ்டனில் கீறல் கீறலாக விழுந்திருந்தது. "ஆயில் கலக்காம ஊத்தியிருப்பா. அவதான் கலக்குவா" என்றார் தங்கவேல். அண்ணாச்சி டேங்கிலிருந்து ஒரு சொட்டை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்து, ஆயில் இருக்கிறது என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே, "மாடசாமி, கார்புரேட்டரை நீங்க தெறங்க" என்றார். நீங்க என்றது எதற்கு என்று அன்றைக்கும் தெரியாது, அவர் சாகிறவரைக்கும் நான் கேட்கவும் இல்லை.

ஜெட்டை எடுத்தேன். உள்ளே இழை இருந்தது. ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு தள்ளு தள்ளினால் சேற்றில் விழுந்துவிடும். தலைமுடி கனத்தில் ஒன்றை யார் தேடப் போகிறார்கள்? யோசிக்கவே இல்லை என்று எழுத ஆசைதான். யோசித்தேன். வேலை போய்விடும், பட்டறைப் பெயர் போய்விடும், வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு தங்கச்சி என்றெல்லாம் யோசித்தேன். ஸ்க்ரூ டிரைவரை ஜெட்டுக்குப் பக்கத்திலும் கொண்டுபோய்விட்டேன்.

அப்போது அந்த மச்சினன், "இதுல பாக்க என்னங்க இருக்கு? பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை? கால் போனதோட விட்டுச்சேன்னு சந்தோஷப்படணும்" என்றான்.

எனக்கு நல்ல மனசு வந்து உண்மையைச் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எரிச்சலில் சொன்னேன். "ஜெட்டுல கம்பி கெடக்கு. நாந்தான் போட்டேன். அவங்க மேல ஒரு தப்பும் கெடையாது" என்றேன்.

அண்ணாச்சி ஜெட்டை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். தங்கவேலின் உள்ளங்கையில் அதை வைத்து, "பட்டறைத் தப்பு. இன்ஜினை நான் சரி பண்ணித் தாரேன்" என்றார். பிறகு என்னை அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

சண்முகத்தாயின் காலில் மாவுக்கட்டு. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். திட்டவில்லை. அழவும் இல்லை.

"அப்ப எனக்குத் தலை சுத்தல."

"இல்ல."

"எழுதிக் குடுங்க."

"எதை?"

"இப்ப சொன்னீங்கள்லா, அதை. ஒங்க பேரு, ஊரு, பட்டறை பேரு எல்லாம் போட்டு எழுதுங்க. இந்தக் கம்பெனி இனிம என்னை வச்சுக்கிட மாட்டாங்க. வேற கம்பெனிக்குப் போனா, தலை சுத்தி விழுந்தவதானன்னு கேப்பான். அவன்கிட்டக் காட்டணும்."

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். எட்டாம் வகுப்போடு நின்ற கையெழுத்தில் எழுதினேன்: 'மரணக் கிணறு ஓட்டும் சண்முகத்தாய் விழுந்தது அவர் தவறினால் அல்ல. அவர் கேட்காமல் கார்புரேட்டர் ஜெட்டில் நான் கம்பி போட்டதால் இன்ஜின் நின்றது. கிளட்சைப் பிடித்து உயிர் தப்பினார். இப்படிக்கு, மெக்கானிக் மாடசாமி, தென்காசி.' அண்ணாச்சி கீழே தன் கையெழுத்தையும் போட்டுப் பட்டறை முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

அவர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் ஒரு வருஷம் கார்புரேட்டர் பக்கம் போகக் கூடாது என்றார். "நீங்க பஞ்சர் மட்டும் பாருங்க" என்றார். பஞ்சர் பார்த்தேன். பட்டறையில் கம்பி போடுவதை அன்றோடு நிறுத்திவிட்டார். வக்கீலும் வாத்தியாரும் எதிர்த்த பட்டறைக்குப் போனார்கள்.

சண்முகத்தாய் என்ன ஆனார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்க முகமில்லை. ஆனால் அந்தக் காகிதம் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. சாமான் வாங்க மதுரைக்குப் போனால் கடைக்காரர், "தென்காசியா? அங்க கம்பி மாடசாமின்னு ஒரு ஆளாமே?" என்பார். திண்டுக்கல்லிலிருந்து குளிக்க வந்த மெக்கானிக் ஒருவர் என் பெயரைக் கேட்டதும் ஸ்பேனரைத் திருப்பி வாங்கிக்கொண்டார். எத்தனையோ இன்ஜினைத் திறந்து ஒழுங்காக மூடியிருக்கிறேன். வெளியூரில் என் பெயர் தெரிந்தது இந்த ஒன்றுக்காகத்தான்.

எண்பதுகளின் நடுவில் நான் குத்துக்கல்வலசையில் தனியாகப் பட்டறை போட்டிருந்தேன். அந்தச் சீசனில் குற்றாலத்துக்கு வேறொரு கம்பெனியின் மரணக் கிணறு வந்தது. தட்டியில் 'மிஸ் ராணி' என்று இருந்தது. இரண்டு நாள் போகாமல் இருந்தேன். மூன்றாவது நாள் பகல் காட்சிக்குப் போனேன்.

வெளி மேடையில் சண்முகத்தாய் வண்டிக்குப் பக்கத்தில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். மிதவைக் கிண்ணம் கழற்றிக் கிடந்தது. ஜெட்டைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், அடையாளம் தெரிந்துகொண்டார். பக்கத்தில் போனேன். எழுந்து நிற்கும்போது இடது கால் விந்தியது.

"நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"இருக்கேன். ஒங்க காயிதத்தப் பாத்துட்டுத்தான் இவங்க என்னைச் சேத்தாங்க. ஆனா ஒவ்வொரு காட்சிக்கு முன்னாலயும் இதைத் தெறந்து பாக்கதுதான் என் பொழப்பாப் போச்சு."

"குடுங்க, நான் மாட்டித் தாரேன்" என்று கையை நீட்டினேன்.

அவர் என் கையைப் பார்த்தார். "நீங்க தொடாண்டாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஜெட்டை அவரே முறுக்கி, கிண்ணத்தை மாட்டி, கையைத் துடைத்துக்கொண்டார். "டிக்கெட் எடுத்துட்டு மேல போயி நில்லுங்க."

வரிசையில் நின்று டிக்கெட் எடுத்து மேலே ஏறினேன். சண்முகத்தாய் சுவரில் ஏறிக் கயிறு வரைக்கும் வந்தார். மற்றவர்கள் அவரைப் பார்த்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றேன். அவர் இறங்கி அணைத்த பிறகுதான் கண்ணைத் திறந்தேன். கூட்டம் கலைந்து போனது. நான் கீழே இறங்கி, அடுத்த காட்சிக்கும் டிக்கெட் எடுத்தேன்.